ஒரு நாடு கையெழுத்துப் போட மறுத்தபோது

நண்பர்களே, 1989 ஜனவரிக் கடைசியில் பாகியா பரைசோ என்ற அர்ஜென்டினா கப்பல், அண்டார்டிகாவில் பால்மர் ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில் பாறையில் மோதியது. ஏறக்குறைய 6 லட்சம் லிட்டர் எண்ணெய் கடலில் கொட்டியது.

அந்தச் சமயத்தில்தான் அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்ட ஒரு ஒப்பந்தம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஆமாம், தோண்டத்தான்! யார், எந்த விதிப்படி தோண்டலாம் என்று 6 ஆண்டு பேசி, 1988-ல் வெலிங்டனில் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் அந்தக் கண்டத்தில் நிலஉரிமை கோரும் 7 நாடுகளும் ஏற்காமல் அது நடைமுறைக்கு வராது. ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக் முடியாது என்றார். பிரெஞ்சுப் பிரதமர் மிஷேல் ரொக்கார் அவரோடு சேர்ந்துகொண்டார். முடித்து வைத்த பேச்சை அவர்கள் கலைக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குக் கோபம். இரண்டு நாடுகளும் அசையவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் கைகூப்பி வணங்குகிறேன்.

அப்புறம் நடந்ததுதான் 1991 அக்டோபர் 4-ல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கை. ஆராய்ச்சி தவிர, கனிமம் தொடர்பான எந்த வேலையும் கூடாது என்று அதன் 7-ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்களைக்கூட 1994-க்குள் வெளியேற்றினார்கள், அவற்றின் நோய் சீல்களுக்குத் தொற்றிவிடக் கூடாதே என்று.

2048-ல் இந்தத் தடை காலாவதி ஆகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அந்த ஆண்டுக்குப் பிறகு ஒரு நாடு மறுஆய்வு மாநாடு கேட்கலாம், அவ்வளவுதான். சுரங்க வேலையைக் கட்டுப்படுத்தும் வேறொரு சட்டம் நடப்பில் இல்லாமல் தடையை விலக்க முடியாது.

சரி, நிலம் தப்பித்தது. கடல்? அங்கே அதே சம்மத விதி நம்மை வாட்டுகிறது. அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடல் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஆணையத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். ராஸ் கடலில் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டரைப் பாதுகாக்க 2016-ல் ரஷ்யாவும் கடைசியில் இணங்கியது. கிழக்கு அண்டார்டிகாவுக்கும் வெடல் கடலுக்கும் இதே போன்ற பாதுகாப்பு கேட்டால், ரஷ்யாவும் சீனாவும் ஆண்டுதோறும் மறுக்கின்றன. அந்தக் கோரிக்கைக்கு இந்தியா 2021-ல் ஆதரவு சொல்லியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் ஒவ்வோர் அக்டோபரிலும் கூடும் அந்த ஆணையத்தின் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.