நாற்காலி வந்தா வீடு பின்னாடியே வரும்: பாம்பன் பட்டிமன்றத்துல நான் பேசுனது

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில உக்காந்து இப்பவே பதில் எழுத ஆரம்பிச்சுட்ட அண்ணன்மாருக்கும், மீன்பிடி தடைக்காலம், போட்டெல்லாம் கரையில கெடக்குன்னு குடும்பத்தோட வந்திருக்குற பாம்பன், தங்கச்சிமடம், மண்டபத்து சனங்களுக்கும் வணக்கம்.

பெண்களுக்கு முதல்ல வேண்டியது வீட்டுல மாற்றமா, பதவியில பங்கான்னு தலைப்பு, நான் பதவிதான் முதல்லன்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசுன அண்ணன் என்ன சொன்னாரு, வீட்டுல ஆம்பளை மனசு மாறாம நாற்காலிய மட்டும் குடுத்தா அதுல புருஷன்தான் போய் உக்காருவான்னு சொன்னாரு, நல்லா கைதட்டும் வாங்கிட்டாரு, நானும் தட்டுனேன். ஆனா அண்ணே, மனசு எப்ப மாறும்னு ஒரு தேதி சொல்லாம உக்காந்துட்டீங்களே!

வேலு நாச்சியார் பொறந்த ராமநாதபுரம் இது, இங்க பொம்பளைக்கு என்ன கொறைன்னும் கேட்டீங்க. அந்த ஆத்தா 1780ல சிவகங்கைய மீட்டுச்சு. அதுக்கப்புறம் இத்தனை வருஷமா மேடைக்கு மேடை அந்த ஒரு பேரையே சொல்லிக்கிட்டு இருக்கோம்னா கொறை எங்க இருக்குன்னு நீங்களே பாத்துக்கோங்க.

இந்தக் கரையில பொம்பளை வேலைக்குப் போகலாமான்னு யாரும் பட்டிமன்றம் வச்சதே இல்ல, ஏன்னா போகலேன்னா ஒல கொதிக்காது. நம்ம சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்குற பாசிக்காரம்மாக்களப் பாருங்க, விடியுறதுக்கு முன்னாடி வல்லம்ங்குற நாட்டுப்படகுல ஏறி, புடவைய இழுத்துக் கட்டி, மேல ஒரு சட்டையப் போட்டு, விரலுக்கெல்லாம் துணிய சுத்திக்கிட்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான், மூச்சப் புடிச்சுக்கிட்டு முங்கி பாறையில ஒட்டியிருக்குற மரிக்கொழுந்து பாசியப் பிச்சு வலைப்பையில போட்டு மேல வர்றாங்க, மறுபடி முங்குறாங்க. அந்தப் பாசியில இருந்துதான் அகார்ங்குற கெட்டிப்படுத்துற பொருள் வருது, மருந்துக்கும் திங்குற சாமானுக்கும் போகுது. ஆனா மீனவர்னு சொன்னா இன்னைக்கும் நம்ம மனசுல வர்றது வலைய தோள்ல போட்ட ஆம்பளை உருவம்தான்.

1986ல மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் சேத்து கடல்வாழ் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. பவளப்பாறைய காப்பாத்தணும், அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. ஆனா அந்தத் தீவச் சுத்தி முங்கித்தான் புள்ளைகளப் படிக்க வச்சோம்னு சொல்ல, அத முடிவு பண்ணுன எடத்துல ஒரு பாசிக்காரம்மா இருந்துச்சா? இல்ல. அதனாலதான் சட்டத்த நடைமுறைப்படுத்துறோம்னு அதிகாரிங்க வந்தப்ப தீவுப் பக்கம் போனாலே குத்தம்னு ஆச்சு, பாசிய பறிமுதல் பண்ணுனாங்க, வெரட்டுனாங்க. அப்புறம் இவங்களே ஒண்ணு சேந்து, அதிகாரிங்களோட பேச்சுவார்த்தைக்குப் போயி, அமாவாசைய ஒட்டி ஆறு நாள், பௌர்ணமிய ஒட்டி ஆறு நாள், மாசத்துக்கு 12 நாள் மட்டும்தான் பாசி எடுப்போம், மிச்ச நாள் வளரட்டும்னு தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டாங்க. 2015ல சின்னப்பாலத்து அம்மா ஒருத்தங்களுக்கு அமெரிக்காவுல, தீவுகளோட இயற்கையக் காப்பாத்துறவங்களுக்குக் குடுக்குற சீகாலஜி விருது குடுத்தாங்க. பாசி எப்ப வளரும், எப்ப எடுத்தா திரும்ப வளரும்னு தெரிஞ்சவங்கள கேக்குறதுக்கு இத்தனை வருஷம் தள்ளிப்போனது எதனால? எதிரணி இப்ப எந்திரிச்சு "பாத்தீங்களா, பதவி இல்லாமலே சாதிச்சுட்டாங்க"ம்பாங்க. அண்ணே, வெரட்டுப்பட்டு அழுது, போராடி, அதுக்கப்புறம் சாதிக்குறதா உங்க மாடல்?

சரி, நாற்காலி வந்தா வீடு மாறுமா. இதுக்கு ஆய்வே இருக்கு. பஞ்சாயத்துல மூணுல ஒரு பங்கு பெண்களுக்குன்னு அரசியல் சட்டத்தோட 73வது திருத்தம் 1993ல நடைமுறைக்கு வந்துச்சுல்ல, மேற்கு வங்காளத்துலயும் ராஜஸ்தான்லயும் பெண் தலைவி இருந்த ஊரையும் இல்லாத ஊரையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, 2004ல வெளிவந்துச்சு. பொம்பளை தலைவியா இருந்த ஊர்ல குடிதண்ணிக்கு கூடுதலா செலவு பண்ணியிருக்காங்க. இது நமக்குப் புரியாதா? தள்ளுவண்டியில பிளாஸ்டிக் குடத்த அடுக்கிக்கிட்டு வெயில்ல தள்ளுறது யாரு, தனுஷ்கோடி பக்கம் மணல்ல ஊத்து தோண்டி அகப்பையில மொண்டு குடத்த ரொப்புறது யாரு? தண்ணி தூக்குனவளுக்குத்தான் தண்ணி முதல் தீர்மானமா வரும்.

அடுத்தது இதவிட முக்கியம். அதே மேற்கு வங்காளத்துல 495 கிராமத்துல பாத்து 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு. ரெண்டு தடவ தொடர்ந்து பெண் தலைவிக்கு ஒதுக்குன ஊர்ல, மகனுக்கு ஒரு கனவு மகளுக்கு ஒரு கனவுன்னு அப்பா அம்மா வச்சிருந்த வித்தியாசம் கொறைஞ்சிருக்கு, படிப்புல பையனுக்கும் பொண்ணுக்கும் இருந்த இடைவெளி இல்லாமப் போயிருக்கு, பொண்ணுங்க வீட்டு வேலையில செலவு பண்ற நேரமும் கொறைஞ்சிருக்கு. வீட்டுல யாரும் போய் கிளாஸ் எடுக்கல நடுவர் அவர்களே, பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு பொம்பளை உக்காந்திருக்குறத பாத்தாங்க, அவ்வளவுதான். எதிரணி கேட்ட மனமாற்றம் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?

புருஷன் உக்காருவான்ங்குறீங்க, உக்காருறான், மறுக்கல. ஆனா செக்குல தலைவரும் துணைத்தலைவரும் கையெழுத்துப் போட்டாத்தான் பஞ்சாயத்துல காசு எடுக்க முடியும், புருஷன் போட்டா பேங்குல செல்லாது. கிராம சபையில மைக் அவ கைக்கு வரத்தான் செய்யும். முதல் வருஷம் எழுதிக் குடுத்தத வாசிப்பா, மூணாவது வருஷம் பில்லுல எவ்வளவு கொள்ளை போகுதுன்னு அவளே கேப்பா. ஆம்பளைங்க மட்டும் பதவிக்கு வர்றப்பவே எல்லாம் கத்துக்கிட்டா வந்தாங்க? எத்தனை பேரு கிளார்க்க நம்பி காலத்த ஓட்டுனாங்கன்னு இந்தக் கூட்டத்துலயே நெறைய பேருக்குத் தெரியும், சொன்னா சண்டை வரும், விடுங்க.

இப்ப ஒரு கணக்கு மட்டும். 2021 சட்டமன்றத் தேர்தல்ல நம்ம தமிழ்நாட்டுல 234 எம்.எல்.ஏ.ல பெண்கள் 12 பேரு. வோட்டர் லிஸ்ட்டுல ஆம்பளையவிட பொம்பளைதான் பல லட்சம் அதிகம், ஆனா ஜெயிச்சது 12. மறுவருஷம் 2022ல மாநகராட்சித் தேர்தல், 21 மாநகராட்சியில 11 மேயர் பதவி பெண்களுக்கு. அதே கட்சிங்க, அதே தலைவருங்க, அதே வீடு, அதே புருஷன்மாரு! ஒரு வருஷத்துலயா எல்லாருக்கும் மனசு மாறிடுச்சு? பெண்களுக்கு ஒதுக்கணும்னு சட்டம் இருந்த எடத்துல சீட் குடுத்தாங்க, இல்லாத எடத்துல "ஜெயிக்கிற கேண்டிடேட் வேணும்மா"ன்னு அனுப்பிட்டாங்க.

மணி அடிச்சுட்டீங்க ஐயா, ஒரே நிமிஷம். நாடாளுமன்றத்துலயும் சட்டமன்றத்துலயும் மூணுல ஒரு பங்குன்னு 106வது திருத்தம் 2023ல நிறைவேறிடுச்சு, ஆனா மக்கள்தொகை கணக்கெடுப்பு முடியணும், தொகுதி மறுவரையறை முடியணும்னு அதுலயே எழுதி வச்சுட்டாங்க, 2024 எம்.பி. தேர்தலும் அது இல்லாமலே போச்சு. அதுக்கும் முன்னாடி வீட்டுல ஆம்பளை மனசு மாறணும்னு எங்க எதிரணி இன்னொரு கண்டிஷன் சேக்குறாங்க. அந்தக் கண்டிஷன நீங்க தள்ளுபடி பண்ணணும்னு கேட்டு உக்காருறேன், நன்றி.