தசையும் எலும்பும்: ‘நெஜா’ திரைப்படத்தை முன்வைத்து ஓர் உரை

அவைத் தலைவர் அவர்களே, திரையிடலுக்குப் பிறகும் இருக்கையை விட்டு எழாமல் காத்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இப்போது நாம் பார்த்து முடித்த ‘நெஜா’, 2019 ஜூலை 26 அன்று சீனத் திரையரங்குகளில் வெளியாகி, 500 கோடி யுவானுக்கும் மேல் வசூலித்த அனிமேஷன் படம். வசூலைப் பற்றி இதற்கு மேல் பேசப் போவதில்லை. இந்தப் படத்தில் இல்லாத ஒரு காட்சியைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். மூலக்கதையின் உயிர்நாடி என்று சீனர்கள் நூற்றாண்டுகளாக நினைவில் வைத்திருக்கும் அந்தக் காட்சியை இயக்குநர் முற்றாக நீக்கிவிட்டார். அந்த ஒரு நீக்கத்தால் படம் பெற்றதும் இழந்ததும்தான் என் பேச்சின் பொருள்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். மிங் அரசர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் உருவான ‘ஃபெங்ஷென் யான்யி’ என்ற பெருங்கதை, ஷாங் மரபு வீழ்ந்து ஜோவ் மரபு எழுந்த போரைத் தேவர்களும் அரக்கர்களும் கலந்துகொண்ட போராகச் சொல்வது. அதில் சென்டாங் கணவாயின் தளபதி லி ஜிங்கின் மனைவி யின் அம்மையார் மூன்று ஆண்டும் ஆறு மாதமும் கருச்சுமந்து ஒரு சதைப் பந்தைப் பெறுகிறாள். பேயென்று அஞ்சிய தந்தை வாளால் அதைப் பிளக்க, உள்ளேயிருந்து கையில் பொன் வளையமும் இடையில் செம்பட்டுத் துணியுமாக ஒரு குழந்தை குதிக்கிறது. பெற்ற கணத்திலேயே தந்தையின் வாள் மகன்மேல் பாய்ந்துவிட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வயதில் அந்தச் சிறுவன் வெயிலுக்கு ஆற்றில் இறங்கிக் குளிக்கிறான். அவன் அலசிய செம்பட்டின் அதிர்வில் கிழக்குக் கடலின் நாகராசன் ஆவ் குவாங்கின் அரண்மனை ஆடுகிறது. விசாரிக்க வந்த காவல் யட்சனைக் கொல்கிறான். அடுத்து வந்த மூன்றாம் இளவரசன் ஆவ் பிங்கையும் கொன்று, அவன் முதுகு நரம்பை உருவி, அப்பாவுக்கு நல்ல கச்சையாகும் என்று எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறான். கொலைக்குப் பிறகும் குழந்தையின் மனம் அப்பாவுக்கு என்ன கொண்டுபோகலாம் என்றே நினைக்கிறது. நாகராசர்கள் திரண்டு வந்து பெற்றோரைப் பிடித்தபோது, “என் குற்றத்துக்கு நானே பொறுப்பு” என்று முன்வந்து, முதலில் தன் கையை வெட்டி, பிறகு தன் வயிற்றைக் கிழித்து, தசையையும் எலும்பையும் பெற்றவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாகிறான். படத்தில் இல்லை என்று நான் சொன்ன காட்சி இதுதான்.

‘உடலும் மயிரும் தோலும் தாய் தந்தையர் தந்தவை; அவற்றுக்கு ஊறு செய்யாதிருப்பதே பெற்றோர் பக்தியின் தொடக்கம்’ என்று கன்ஃபூசிய மரபு பிள்ளைகளுக்கு ஓதிவந்த நாடு அது. அந்த நாட்டில் ஒரு பிள்ளை, “நீங்கள் கொடுத்த கடனை எடுத்துக்கொள்ளுங்கள், இனி நான் உங்களுக்கு எதுவும் கடன்பட்டவன் அல்லன்” என்று உடம்பையே கணக்குத் தீர்த்துக் கொடுக்கிறான். பெற்றோரைக் காக்கச் செய்த தியாகம் என்றும் அதைப் படிக்கலாம், பெற்றோரிடமிருந்து விடுதலை என்றும் படிக்கலாம். இரண்டையும் ஒரே செயலில் வைத்திருப்பதுதான் அந்தக் கதையின் வலிமை.

கதை அதோடு நிற்கவில்லை. தாய் இரகசியமாகக் கட்டிய கோயிலில் மகனின் ஆவி குடியேறுகிறது. தந்தை வந்து சிலையை உடைத்துக் கோயிலைக் கொளுத்துகிறான். குரு தாய்யி, தாமரைப் பூவாலும் இலையாலும் அவனுக்குப் புது உடல் அமைத்துத் தருகிறார். பெற்றோரிடமிருந்து வந்த ஒரு துளியும் இல்லாத அந்த உடலோடு நெஜா நேரே தந்தையைக் கொல்லத்தான் புறப்படுகிறான். கடைசியில் ஒரு துறவி லி ஜிங்கின் கையில் கோபுரம் ஒன்றைக் கொடுத்து, அதனுள் மகனை அடைத்து நெருப்பில் வாட்டி, “அப்பா” என்று சொல்லவைக்கிறார். சீனக் கோயில்களில் இந்தத் தந்தை இன்றும் கையில் கோபுரம் ஏந்தியே நிற்கிறான். சமரசம் என்ற ஒன்று அங்கே ஏற்படவில்லை. ஆயுதம் கையில் இருக்கும்வரை அமைதி இருக்கிறது, அவ்வளவே.

இந்த இடத்தில் நம் பக்கம் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். வலிந்து இழுத்த தொடர்பு அல்ல இது. நெஜா என்ற பெயரே நளகூபரன் என்ற நம் பெயரின் சீன ஒலிபெயர்ப்பு தேய்ந்து நின்றது. இரம்பையின் பொருட்டு இராவணனைச் சபித்தவன், நாரதர் சாபத்தால் மருத மரமாக நின்று உரலோடு தவழ்ந்து வந்த கண்ணனால் விடுபட்டவன், குபேரனின் மகன் நளகூபரன்தான். குபேரனாகிய வைசிரவணன் பௌத்தத்தோடு சீனம் சென்று, கையில் தூபி ஏந்திய வடதிசைக் காவலனாகி, பிறகு தாங் காலத்துப் படைத்தலைவர் லி ஜிங்கோடு ஒன்றாகக் கலந்துவிட்டான். தந்தை கையிலுள்ள கோபுரம் அந்தத் தூபியே. மகனின் பெயர் வரும் சடங்கு நூல்கள் 8ஆம் நூற்றாண்டின் பௌத்தத் துறவி அமோகவஜ்ரர் பெயரால் வழங்குகின்றன. அவருடைய ஆசான் வஜ்ரபோதி, காஞ்சியோடு தொடர்புடைய தென்னாட்டுத் துறவி, கடல் வழியாகச் சீனம் போனவர். காளிங்கனை அடக்கிய குழந்தைக் கண்ணனின் சாயலும் நாகராசனை அடக்கும் இந்தக் குழந்தையில் இருப்பதாக மெயிர் ஷாஹர் என்ற ஆய்வாளர் விரிவாக வாதிட்டிருக்கிறார். ஆனால் தசையையும் எலும்பையும் திருப்பித் தரும் செய்தி நம் நளகூபரனிடம் கிடையாது. அது சொங் காலத்து ஜென் பௌத்தக் குறிப்புகளில் தலைகாட்டுகிறது. பெயர் நாம் கொடுத்தது, காயம் அவர்களுடையது.

இதே கதையை 1979இல் ஷாங்காய் அனிமேஷன் நிறுவனம் முழுநீளப் படமாக எடுத்தது. இன்று நடுவயதில் இருக்கும் சீனர்களிடம் கேட்டால், கொட்டும் மழையில் அந்தச் சிறுவன் வாளைத் தன் கழுத்தில் வைக்கும் காட்சியைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் அந்தப் படமும் முழுக் கதையைச் சொல்லவில்லை. தந்தையைத் துரத்திக் கொல்லப் போவதை விட்டுவிட்டுக் கோபம் முழுவதையும் நாகராசர்கள் பக்கம் திருப்பிவிட்டது. தந்தை அங்கே கோழை, கொடியவன் அல்லன். சுருங்கச் சொன்னால், 1979இன் படம் சாவை வைத்துக்கொண்டு பழியை விட்டது. 2019இன் படம் இரண்டையும் விட்டுவிட்டது.

இதை இயக்கிய யாங் யூ, ‘ஜியாவ்ஸி’ என்ற புனைபெயர் வைத்துக்கொண்டவர். நம் வழக்கில் சொன்னால் கொழுக்கட்டை. சிச்சுவானில் மருந்தியல் படித்துவிட்டு, வேலையை உதறி, தாயின் ஓய்வூதியத்தில் வீட்டுக்குள் அடைந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, தனி ஒருவராகப் பதினாறு நிமிடக் குறும்படம் ஒன்றைச் செய்தவர். மகனை நம்பி வீட்டில் வைத்துச் சோறு போட்ட ஒரு தாயை நேரில் கண்டவர், மகனைக் கொளுத்தும் தந்தையை எழுத முடியாமல் போனதில் வியப்பில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே.

அவர் செய்த மாற்றம் இதுதான். ஆதி மணி ஒன்று தெய்வ மணி, அசுர மணி என்று இரண்டாகப் பிரிகிறது. தெய்வ மணி நெஜாவாகப் பிறக்க வேண்டியது. நாகர்களோடு கூட்டுச் சேர்ந்த ஷென் குங்பாவின் திருட்டால் நெஜாவிடம் அசுர மணி போய்ச்சேர்கிறது, தெய்வ மணி நாகராசன் மகன் ஆவ் பிங்கிடம் போகிறது. அசுர மணியை மூன்றாண்டில் இடி அழிக்கும் என்பது வானத்தின் விதி. லி ஜிங் இங்கே பிள்ளைமேல் விழவிருக்கும் இடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ள, ஒருவருக்கும் தெரியாமல் உயிர்மாற்று மந்திரச் சீட்டுக்கு ஏற்பாடு செய்யும் தந்தை. அதை மகன் அறியும் கட்டத்தில் அரங்கில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன், நானும் விலக்கல்ல.

ஆனாலும் என்னை அதைவிட அசைத்தது இறகுப்பந்துக் காட்சி. காலால் தட்டித் தட்டிக் கீழே விழாமல் காக்கும் சீனச் சிறுவர் ஆட்டம் அது. யின் அம்மையார் பூதங்களோடு போராடிவிட்டு வீடு திரும்புகிறாள். கவசத்தோடேயே முற்றத்தில் மகனோடு ஆட இறங்குகிறாள். கவசம் எதற்கென்று அடுத்த நொடியே புரிகிறது: மகன் உதைத்த பந்து அவளைத் தூக்கி எறிகிறது. எழுந்து, தூசி தட்டாமல், சிரித்துக்கொண்டே திருப்பி உதைக்கிறாள். கண்ணுக்குக் கீழ் கருவளையம், இடைவெளி விட்ட பற்கள், காற்சட்டைப் பைக்குள் எப்போதும் கைகள் என்று எதன்மீதும் அக்கறையற்றவனாகத் திரியும் அந்தப் பிள்ளையின் முகம் அப்போது மட்டும் மூன்று வயதுக் குழந்தையின் முகமாகிறது. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் அவளுக்கு அழைப்பு வருகிறது, போய்விடுகிறாள். பிறகு கடற்கரையில், யட்சன் தூக்கிச் சென்ற சிறுமியை மீட்ட பின், அவன் அதே பந்தை ஆவ் பிங்கோடு தட்டி ஆடுகிறான். மூலத்தில் எவனுடைய நரம்பை நெஜா உருவினானோ, அவனே இங்கே வாழ்நாளின் ஒரே நண்பன். வசனம் ஏதுமின்றி ஒரு பந்தை வைத்துப் பழைய பகையைத் தோழமையாக்கியது தேர்ந்த கதைக்காரனின் வேலை.

குறைகளுக்கு வருகிறேன். ஷென் குங்பாவின் திக்குவாயை வைத்து எழுப்பும் சிரிப்பு மலிவானது. மூன்றாம் முறை அவன் சொல் தடைப்பட்டபோது எனக்குச் சலிப்பு தட்டியது. அதுவும், சிறுத்தையாகப் பிறந்ததால் குருவின் பீடம் மறுக்கப்பட்டவன் என்று படமே அவனுக்கு நியாயமான வேதனையைக் கொடுத்துவிட்டு, அதே ஆளைக் கேலிப்பொருளும் ஆக்குகிறது. நெஜா தன்னைப் பற்றிப் பாடும் பாட்டின் நகைச்சுவை இதற்கு நேர்மாறு. ஆளை உப்புப் போடாமல் தின்னும் குட்டிப் பிசாசு நான் என்று மிரட்டத் தொடங்கி, கழிப்பறைக்குப் போன பிறகுதான் காகிதம் எடுத்துவர மறந்தது தெரிந்தது என்று முடிக்கிறான். ஊரே பேயென்று ஒதுக்கிய குழந்தை, அந்தப் பெயரைத் தானே முந்திச் சொல்லிச் சிரிப்பாக்கிவிடுகிறது. அங்கே சிரிப்புக்கு அடியில் வலி இருக்கிறது.

பெரிய குறை ஒன்று உண்டு. ‘என் விதி என் கையில், வானத்தின் கையில் இல்லை’ என்ற பழைய தாவோயிச வாக்கைப் படம் தன் முழக்கமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. சீன இளைஞர்கள் அதைக் கொண்டாடியதன் காரணம் புரிகிறது. ஆனால் கதை அதற்கு முழுதாக உடன்படவில்லை. அசுர மணியும் தெய்வ மணியும் இன்னின்ன குணத்தோடு முன்பே வார்க்கப்பட்டவை. இடி குறித்த நாளில் வந்தே தீருகிறது. நண்பர்கள் இருவரும் சேர்ந்து தாங்கிய பிறகும் உடல்கள் அழிகின்றன. உயிர்களைக் காப்பது குருவின் தாமரை. வானத்தை எதிர்த்து நின்றார்கள் என்பது உண்மை, ஆனால் வென்றது வானத்தின் கைப்பொருள்தான். மூலக்கதையின் சிறுவன் முழக்கம் எதுவும் சொல்லவில்லை. கத்தியை எடுத்தான், தன்னுடையதல்லாத உடலைத் திருப்பிக் கொடுத்தான். விதியைத் தன் கையில் எடுத்தவன் அவன்தான் என்று நான் சொல்வேன்.

அன்பான தந்தை வந்ததும் அந்தச் செயலுக்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. கோபிக்கத் தகுதியான ஒருவர் வீட்டில் இல்லை. ஊராரின் தப்பெண்ணமும் வானத்தின் சட்டமும் மட்டுமே எதிரே நிற்கின்றன. வீட்டுக்குள் இருக்கும் வாளைப் பற்றிப் பேசிய கதை, வெளியே இருக்கும் இடியைப் பற்றிய கதையாகிவிட்டது. குடும்பத்தோடு விடுமுறையில் பார்க்க இது ஏற்றதுதான். பெற்றவர்களால் உடைந்த பிள்ளைகளுக்குப் பழைய கதையில் இருந்த ஓர் இடம் மட்டும் இதில் இல்லை.

2025 ஜனவரி 29 அன்று, சீனப் புத்தாண்டு நாளில், இதன் இரண்டாம் பாகம் வந்தது. 138 நிறுவனங்களில் 4,000க்கும் மேற்பட்டோர் உழைத்த அந்தப் படம் 1,500 கோடி யுவானைத் தாண்டி, உலகின் அனிமேஷன் படங்களிலேயே அதிகம் வசூலித்ததாயிற்று. அதன் போர்க்காட்சிகள் எனக்கு மலைப்பைத் தந்தனவே தவிர, நெஞ்சில் நிற்கவில்லை. ஒரு காட்சி நின்றது. சாபத்தால் மகனின் உடலெங்கும் முட்கள் புறப்பட்டு நிற்க, உலைக்குள் உருகிக்கொண்டிருக்கும் தாய், அந்த முட்கள் தன்னைக் குத்தக் குத்த அவனை அணைத்துக்கொள்கிறாள். அவள் போன பிறகு, அந்த முட்களே அவன் தசையைக் கிழித்துக்கொண்டு வெளிவருகின்றன. கிழிந்த உடல் புதிதாகச் சேர்கிறது. இயக்குநர் தவிர்த்த அந்தத் தசையும் இரத்தமும் ஆறு ஆண்டு கழித்துத் திரைக்கு வந்துவிட்டன, ஆனால் யாரிடமும் திருப்பித் தரப்படவில்லை. இங்கும் லி ஜிங் மகனை வாட்டும் தந்தையாக மாறவில்லை. வாங்கிக்கொள்ள வேண்டியவள் போய்விட்டாள்.