பழைய டிராக்டருக்கு அகல முன்சக்கரம்: டயரை வாங்கும் முன் ரிம்மைப் பாருங்கள்

[காட்சி: அம்பாசமுத்திரம் பக்கத்துத் தொழி (சேற்றுழவு) வயல். முன்சக்கரம் சேற்றில் புதைந்து நகரும் டிராக்டர்.]

பிசான நெல் பருவத்துக்குத் தொழி அடிக்கும் நாட்களில் தாமிரபரணிப் பாசன வயல்களில் இது வாடிக்கை. பின்னால் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டியிருப்பதால் அந்தப் பக்கம் தாங்கிக்கொள்கிறது. முன்சக்கரமோ சேற்றை வெட்டிக்கொண்டு இறங்குகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும் வண்டி திரும்ப மறுக்கிறது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி எனும் செம்மணலிலும் இதே பாடுதான்.

பழைய 35, 40 குதிரைத்திறன் டிராக்டர்களில் பெரும்பாலும் 6.00-16 முன் டயர் இருக்கும். ஏறத்தாழ 6 அங்குல அகலம், 16 அங்குல ரிம் விட்டம் என்று பொருள். புதையாமல் இருக்க அகலமான டயர் போட நினைத்தால், இதற்கு அடுத்தது 6.50-16; வழக்கமான 4.50 அங்குல அகல ரிம்மிலேயே பொருந்திவிடும். 7.50-16 போட வேண்டுமானால் 5.50 அங்குல அகல ரிம் தேவை.

[காட்சி: குறுகிய ரிம்மில் ஏற்றிய 7.50 டயர், மிக அருகில்.]

இங்கேதான் பலர் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். பழைய ரிம்மிலேயே பெரிய டயரை ஏற்றினால் என்ன ஆகிறது, பாருங்கள். பக்கச்சுவர் உள்ளே இழுபட்டு, நடு முகடு மட்டும் மேலே எழும்பி நிற்கிறது. தார்ச்சாலையில் அந்த முகடு மட்டும் தேயும். ஓர முகடுகள் புதிதாகவே இருக்கும். பணம் கொடுத்து வாங்கிய அகலம் தரையைத் தொடுவதே இல்லை.

ரிம் வாங்கும்போது ஸ்டட் வட்டத்தை, அதாவது சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டத்தை, அளந்துகொள்ளுங்கள். ஆறு ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்களின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து ஸ்டட்டில் எதிர் ஸ்டட் கிடையாது; அடுத்தடுத்த இரண்டின் மைய இடைவெளியை அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். நடுத் துளை ஹப்பில் (சக்கரத்தின் குடத்தில்) சரியாக உட்காருகிறதா என்றும் பாருங்கள்.

இனி நான் மிகவும் அஞ்சும் இடம். ஹப்பின் உள்ளே இரண்டு பேரிங்குகள் உண்டு: உட்புறம் பெரியது, வெளிப்புறம் சிறியது. சுமை பெரிய பேரிங்கின் பக்கம் விழும்படிதான் சக்கரத்தை அமைத்திருக்கிறார்கள். ரிம்மைத் திருப்பிப் போட்டோ, குழிவு வேறாக உள்ள ரிம்மை மாட்டியோ சக்கரத்தை வெளியே தள்ளினால் சுமை சிறிய பேரிங்கில் ஏறும். கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) புஷ்ஷும் சீக்கிரம் ஆட்டம் காணும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் ஒவ்வொரு குழியும் ஓட்டுபவரின் தோளில் வந்து இறங்கும். ஒரு நாள் முழுக்கத் தொழி அடிப்பவருக்கு அது சின்ன வலி அல்ல.

மாட்டியதும், ஜாக்கியில் தூக்கி இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். டயர் எதிலும் உரசக் கூடாது. காற்றழுத்தம் புது டயருக்குரிய அட்டவணைப்படி இருக்கட்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள். முன் டயரின் விட்டம் மாறினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒத்துப்போகாமல் பல்சக்கரங்கள் அடிவாங்கும்.

வாழைக்கும் பருத்திக்கும் இடையுழவு ஓட்டுபவர்கள், வரிசை இடைவெளியை அளந்த பிறகு முடிவெடுங்கள். வயலில் வேலை தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் வண்டியை நிறுத்தி, நட்டுகளை எதிரெதிராக மறுபடி இறுக்குங்கள். புது ரிம்மின் பெயின்ட் அழுந்தும்போது அவை தளரும்.