கார்ன்வால்: தாதுவும் மனிதர்களும் கப்பலேறிய கரை

[காட்சி: இங்கிலாந்தின் வரைபடம். தென்மேற்கு முனை மெல்லப் பெரிதாகிறது.]

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலமுனைதான் கார்ன்வால் கவுண்டி. வடக்கிலும் மேற்கிலும் அட்லாண்டிக், தெற்கில் ஆங்கிலக் கால்வாய், கிழக்கில் டேமர் ஆறு. வடகரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே ஊற்றெடுக்கும் அந்த ஆறு, தெற்கு நோக்கி ஓடிப் பிளிமத் அருகே கடலில் கலப்பதால், கார்ன்வால் ஏறக்குறைய ஒரு தீவாகவே பிரிந்து நிற்கிறது. பரப்பளவு 3,500 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 5,70,000. கவுண்டியின் எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் 30 கிலோமீட்டருக்குள் கடலை அடைந்துவிடலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகச் செம்பு உற்பத்தியில் முதலிடம் வகித்தது இந்தச் சிறு நிலப்பகுதி. நீராவிப் பொறியியலிலும் அது முன்னணியில் நின்றது. அதே கார்ன்வால் இன்று பிரித்தானியாவின் வருமானம் குறைந்த பகுதிகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. இது எப்படி நேர்ந்தது என்பதை அறிய, முதலில் தரைக்கு அடியில் பார்க்க வேண்டும்.

[காட்சி: நிலத்தின் குறுக்குவெட்டுப் படம். கீழிருந்து மேலெழும் பாறைக் குழம்பு.]

சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன், பழைய களிப்பாறை அடுக்குகளுக்குள் உருகிய பாறைக் குழம்பு புகுந்து, குளிர்ந்து, கருங்கல்லாக இறுகியது. பாட்மின் மேட்டுநிலத்திலிருந்து லேண்ட்ஸ் எண்ட் முனை வரை இன்று ஆங்காங்கே தலைகாட்டும் கருங்கல் குன்றுகள் யாவும் அடியில் ஒரே பெரும் பாறைத் தொகுதியின் முகடுகளே. அந்தப் பாறை குளிர்ந்தபோது அதன் விரிசல்களில் ஏறிய வெந்நீர், கரைந்திருந்த வெள்ளீயத்தையும் செம்பையும் ஏறக்குறையச் செங்குத்தான இழைகளாகப் படியவைத்துச் சென்றது. கருங்கல்லில் இருந்த ஃபெல்ட்ஸ்பார் கனிமம் சில இடங்களில் சிதைந்து, மாவு போன்ற வெண்களிமண்ணாக மாறியது. இத்தனையும் கொடுத்த நிலம், நிலக்கரியை மட்டும் கொடுக்கவில்லை. கார்ன்வாலின் பொருளாதார வரலாற்றில் இந்த ஒரு குறைக்கு உள்ள இடம் வேறு எதற்கும் இல்லை என்பது என் கருத்து.

வெள்ளீயம் மிகப் பழைய சரக்கு. செம்போடு அதைச் சேர்த்தால்தான் வெண்கலம் கிடைக்கும் என்பதால், வெண்கலக் காலம் முதலே இந்தக் கரையின் வெள்ளீயம் ஐரோப்பாவுக்குள் பயணித்தது. இப்பகுதி மக்கள் அந்நியரிடம் நட்புடன் பழகுபவர்கள் என்றும், இக்டிஸ் என்ற தீவுக்கு வண்டிகளில் வெள்ளீயத்தைக் கொண்டு சென்று வணிகர்களிடம் விற்பவர்கள் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார். அந்தத் தீவு, ஓதம் வற்றும்போது நடந்தே சென்றுவிடக்கூடிய இன்றைய செயிண்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் ஆக இருக்கலாம் எனப் பலர் கருதுகிறார்கள். 1201-இல் ஜான் மன்னர் வழங்கிய சாசனத்தால் வெள்ளீயத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் உறுதியாயின. 1337-இல் கார்ன்வால் டச்சி என்ற கோமகனின் உடைமை உருவாக்கப்பட்டு, மன்னரின் மூத்த மகனுக்கு உரியதாயிற்று. வெள்ளீயத்தின் மீதான வரியும் அதற்கே போய்ச் சேர்ந்தது.

[காட்சி: கடற்பாறையின் விளிம்பில் நிற்கும் பொட்டல்லக் சுரங்கத்தின் எந்திரக் கட்டடங்கள்.]

பதினெட்டாம் நூற்றாண்டில் செம்பு முன்னுக்கு வந்தது. சுரங்கங்கள் ஆழமாக ஆக, ஊறும் நீரை இறைப்பதே பெரும்பாடாயிற்று. நீர் இறைக்க நீராவி எந்திரம் வேண்டும். எந்திரத்துக்கு நிலக்கரி வேண்டும். அதுவோ கடல் கடந்து வேல்ஸிலிருந்து வர வேண்டும். ஒரு டன் செம்புத் தாதுவை உருக்க அதனினும் அதிக எடையுள்ள நிலக்கரி தேவைப்பட்டதால், நிலக்கரியை இங்கே கொண்டுவந்து உருக்குவதை விடத் தாதுவை அங்கே அனுப்புவதே மலிவு. ஆகவே கார்ன்வாலின் செம்புத் தாது கப்பலேறி வேல்ஸின் ஸ்வான்சீ நகருக்குச் சென்றது. அதே கப்பல்கள் திரும்பும்போது எந்திரங்களுக்கான நிலக்கரியைச் சுமந்து வந்தன. வெள்ளீயம் பெரும்பாலும் உள்ளூரிலேயே உருக்கப்பட்டது. செம்பிலோ, தோண்டும் பாடு இங்கும் உருக்கும் தொழிலின் ஆதாயம் அங்கும் என்ற ஏற்பாடு நிலைத்துவிட்டது.

ஆனால் இந்தக் குறையே பெரும் அறிவுத்திறனையும் வளர்த்தது. ஜேம்ஸ் வாட்டின் எந்திரத்தைப் பயன்படுத்திய சுரங்க உரிமையாளர்கள், அதனால் மிச்சமான நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை அவருடைய நிறுவனத்துக்குக் கட்ட வேண்டியிருந்தது. 1800-இல் அந்தக் காப்புரிமை முடிந்ததும், சுரங்கத் தலைவர் ஒருவரின் மகனான ரிச்சர்ட் டிரெவிதிக், உயர் அழுத்த நீராவியைத் துணிந்து பயன்படுத்தினார். 1801-இல் கேம்போர்ன் ஊரின் மேட்டில் அவருடைய நீராவி வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. 1804-இல் வேல்ஸில் தண்டவாளத்தில் ஓடும் எந்திரத்தையும் இயக்கிக் காட்டினார். 1811 முதல், ஒவ்வொரு சுரங்கத்தின் எந்திரமும் எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு நீர் இறைத்தது என்ற கணக்கு மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடப்பட்டது. போட்டியாளர்கள் தங்கள் மேம்பாடுகளை மறைக்காமல் பகிர்ந்துகொண்ட இந்த ஏற்பாடு, தொழிற்புரட்சியின் வரலாற்றில் உரிய கவனம் பெறாத சாதனை. டிரெவிதிக் கடைசியில் வறுமையில் இறந்தார்.

சுரங்க வேலைக்கு உயிர்களும் விலையாயின. லெவன்ட் சுரங்கத்தில் தொழிலாளர்களை ஏற்றி இறக்கிய பொறி 1919-இல் அறுந்து விழுந்தபோது 31 பேர் மாண்டார்கள்.

1866-இல் செம்பு விலை சரிந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் மலிவான வெள்ளீயம் வந்து, மிஞ்சிய சுரங்கங்களையும் நெருக்கியது. தாதுவைத் தொடர்ந்து மனிதர்களும் கப்பலேறினார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் மூண்டா, கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலி, மெக்சிகோவின் ரியல் டெல் மொன்டே என அவர்கள் போகாத சுரங்க ஊர் இல்லை. உலகில் எங்கே குழி தோண்டினாலும் அதன் அடியில் ஒரு கார்ன்வால்காரர் இருப்பார் என்று ஒரு சொலவடையே உண்டு.

அந்தக் குழிகளுள் ஒன்று நமக்கு நெருக்கமானது. கோலார் தங்கவயலை 1880-களில் நடத்தத் தொடங்கிய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிறுவனர், கார்ன்வாலின் பெரிய செம்புச் சுரங்கங்களை நடத்தியவர். தங்கவயலில் மேற்பார்வையாளர்களாகவும் தேர்ந்த சுரங்கத்தாராகவும் கார்ன்வாலிலிருந்து பலர் வந்தார்கள். அவர்களின் கீழ் ஆழத்தில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். ஆபத்து இருவருக்கும் பொது என்றாலும், கூலியும் குடியிருப்பும் பொதுவாக இருக்கவில்லை. அந்தச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே மூடப்பட்டிருந்தது.

[காட்சி: போர்த்கர்னோ கடற்கரை. மணலுக்குள் செல்லும் கம்பிவடம்.]

இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1870-இல் போர்த்கர்னோ என்ற சிறு கடற்கரையில் கரையேறிய கடலடித் தந்திக் கம்பிவடம், ஜிப்ரால்டர், மால்டா, ஏடன் வழியாக லண்டனைப் பம்பாயோடு இணைத்தது. அட்லாண்டிக்கை நோக்கி நீண்டிருக்கும் நிலமுனை என்பதால் வந்த வாய்ப்பு இது. 1901-இல் போல்டுவிலிருந்து மார்க்கோனி வானொலிக் குறியை நியூஃபவுண்ட்லாந்துக்கு அனுப்பியதும், 1962-இல் கூன்ஹில்லி நிலையம் டெல்ஸ்டார் செயற்கைக்கோளோடு தொடர்பு கொண்டதும் இதே கவுண்டியில்தான்.

கடலோரச் சிற்றூர்களின் வாழ்வு மத்தி மீனை நம்பியிருந்தது. பாறை உச்சியில் நிற்கும் காவலர், கடலின் நிறம் மாறுவதைக் கண்டு கூட்டம் வந்துவிட்டதெனக் குரல் கொடுப்பார். உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்த மீன் இத்தாலிக்குப் போகும். நியூலின் இன்றும் இங்கிலாந்தின் முக்கிய மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்று. செயிண்ட் ஆஸ்டல் பகுதியின் வெண்களிமண் தொழிலும், சுருங்கியிருந்தாலும், ஓயவில்லை. 1746 வாக்கில் வில்லியம் குக்வொர்தி என்ற மருந்தாளுநர் கார்ன்வாலில் கண்டறிந்த அந்த வகைக் களிமண் பீங்கானுக்கும் காகிதத்துக்கும் சென்றது. கைவிடப்பட்ட ஒரு களிமண் குழியில்தான் 2001-இல் ஈடன் புராஜெக்ட் தாவரக் கூடங்கள் திறக்கப்பட்டன.

1859-இல் பொறியாளர் புரூனெல் கட்டிய பாலம் டேமர் ஆற்றைக் கடந்ததும், ரயில் பூக்களையும் காய்கறிகளையும் லண்டனுக்குக் கொண்டுசென்று, சுற்றுலாப் பயணிகளைத் திருப்பிக் கொண்டுவந்தது. சுற்றுலா இன்று பெரிய தொழில். ஆனால் அதில் பருவகால வேலையும் குறைந்த ஊதியமும்தான் அதிகம். வெளியூர்ச் செல்வர்கள் விடுமுறை வீடுகளை வாங்கிக் குவிப்பதால், பிறந்த ஊரில் வீடு வாங்க முடியாமல் இளைஞர்கள் வெளியேறுகிறார்கள். புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே என்ற விதியை 2016-இல் செயிண்ட் ஐவ்ஸ் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்தார்கள். அந்த விதி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். எனினும் ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளை அது கட்டுப்படுத்தாது.

[காட்சி: யுனைடெட் டவுன்ஸ் துளையிடும் கோபுரம்.]

இப்போது நிலத்தடி மீண்டும் பேசப்படுகிறது. யுனைடெட் டவுன்ஸ் என்ற இடத்தில் ஐந்து கிலோமீட்டருக்கும் ஆழமாகத் துளையிட்டு, கருங்கல்லின் வெப்பத்தைத் தேடியிருக்கிறார்கள். சவுத் கிராஃப்டியைத் திறக்க நீர் இறைக்கும் பணி 2023-இல் தொடங்கியது. அங்கே தோண்டப்படும் வெள்ளீயத்தை உருக்கப் பிரித்தானியாவில் இன்று பெரிய உலை எதுவும் இல்லாததால், அதுவும் கடல் கடந்தே செல்ல வேண்டியிருக்கும். லித்தியத்தில் நிலை சற்று வேறு: டிரெலாவர் என்ற பழைய களிமண் குழியருகே, பாறையிலிருந்து லித்தியத்தைப் பிரித்துச் சேர்மமாக்கும் மாதிரி ஆலையை அமைத்திருக்கிறார்கள். தோண்டும் வேலையோடு நின்றுவிடாமல், பிரித்தெடுக்கும் தொழிலையும் கவுண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் முயற்சி இது.