ஐந்நூறு ஹெர்ட்ஸ் சுருதி பேதம்

ஒரு கடற்கரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1940 நவம்பர் 6, இரண்டாம் உலகப் போர்க் காலம். தென் இங்கிலாந்தில் டார்செட் கரை, வெஸ்ட் பே என்ற இடம். ஹைன்கெல் 111 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்று அலையோரம் கிடக்கிறது. திசைகாட்டி கோளாறு, பிரிட்டிஷார் பரப்பிய போலி ரேடியோ சமிக்ஞை, தீர்ந்துபோன பெட்ரோல். பிரான்ஸ் வந்துவிட்டது என்று நம்பி இறக்கிவிட்டார்கள், பாவம்.

அது காம்ப்குருப்பே 100 என்ற ஜெர்மன் விமானப்படைப் பிரிவின் விமானம். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் வான் என்ற ஊரில் அவர்கள் முகாம். ஊர்ப் பெயர் நம் காதுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது! விமானங்களில் வைக்கிங் கப்பல் சின்னம். மற்றவர்கள் கண்ணால் பார்த்துக் குண்டு போட்டார்கள். இவர்கள் காதால் கேட்டுப் போட்டார்கள்.

எப்படி? பிரான்ஸ் கரையில் செர்பூர் பக்கமிருந்து ஒரு ரேடியோ கற்றை, இலக்குக்கு மேலே போகும். விமானி நடுவில் பறந்தால் காதில் ஒரே சீரான ஒலி. விலகினால் ஒரு பக்கம் புள்ளி, மறுபக்கம் கோடு. அதே கரையில் கலே பக்கமிருந்து வேறு கற்றைகள் குறுக்கே வெட்டும். எல்லாவற்றுக்கும் நதிப் பெயர்கள்: வெசர், ரைன், ஓடர், எல்பே. ஓடரைக் கடந்ததும் ஒரு விசேஷக் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். எல்பேயில் மறுபடி அழுத்த வேண்டும். முள்கள் ஒன்று சேரும் நொடியில் குண்டு தானாக விழும். எக்ஸ்-கெரேட் என்று இதற்குப் பெயர்.

அந்தக் கருவிதான் வெஸ்ட் பேயில் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. ராணுவத்தினர் கயிறு கட்டினார்கள். அப்புறம் கடற்படை வந்தது. தண்ணீரில் கிடப்பதை மீட்பது எங்கள் வேலை என்றது. யாருடைய சொத்து என்ற வழக்கு முடிவதற்குள் விமானம் கடலில் மூழ்கிவிட்டது. கடைசியில் உப்பும் மணலுமாகத்தான் கருவி ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்தது. நம்மூர் வரப்புத் தகராறு தோற்றது போங்கள்.

எட்டே நாள். நவம்பர் 14, முழு நிலா. காம்ப்குருப்பே 100-இன் 13 விமானங்கள் முன்னால் போய், இரவு ஏழே காலைத் தாண்டி, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர் மீது தீக்குண்டுகளைப் போட்டன. அந்த நெருப்பை அடையாளம் வைத்து 400-க்கும் மேற்பட்ட விமானங்கள் விடிய விடிய வந்தன. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழைய தேவாலயத்தில் சுவரும் கோபுரமும்தான் மிச்சம். தாக்குதல் வரப்போவது தெரிந்தே சர்ச்சில் ஊரைப் பலிகொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஏனென்றால், அன்றைக்குப் பிரிட்டனின் இரைச்சல் கருவிகள் சும்மா இருக்கவில்லை. கற்றையைக் குழப்ப அவை 1,500 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தன. ஜெர்மன் கருவியின் வடிகட்டியோ 2,000 ஹெர்ட்ஸை மட்டும்தான் உள்ளே விடும். தம்புரா ஒரு சுருதி, பாட்டு ஒரு சுருதி. விமானியின் காதில் இரைச்சல் விழவே இல்லை. அந்த 2,000 என்ற எண், வெஸ்ட் பே மணலில் புரண்ட பெட்டிக்குள்தான் இருந்தது.