கேமரா ஏறாத மண்மேடு

நடுவர் அவர்களே! 'முதல் உலகப் போரின் பதுங்குகுழிக் கொடுமையை நெஞ்சில் இறக்குவது கேமராவா, காமிக்ஸா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்ததுமே "கேமரா பொய் சொல்லாது" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

1916-இல், பிரான்சில் நடந்த சோம் போரைப் பற்றிய படம் பிரிட்டன் முழுக்க ஓடியது. வீரர்கள் குழியிலிருந்து மண்மேட்டில் ஏறுகிறார்கள். ஒருவன் சரிந்து விழுகிறான். பார்த்தவர்கள் பதறினார்கள். ஐயா, அந்தக் காட்சி போர்முனையில் எடுத்ததே அல்ல. பின்னால் பயிற்சிக் களத்தில் நடிக்கவைத்து எடுத்தது! கேமராக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். எந்திரத் துப்பாக்கிக்கு எதிரே முக்காலியை நட்டுவிட்டு அவர் எப்படி உயிரோடு திரும்புவது? சிப்பாய்கள் சொந்தமாகக் கேமரா வைத்திருக்கவும் பிரிட்டிஷ் ராணுவம் தடை போட்டிருந்தது.

எங்கள் பக்கம் பிரான்சின் காமிக்ஸ் ஓவியர் ழாக் தார்தி இருக்கிறார். அவர் தாத்தா அந்தப் போரில் இருந்தவர். இருட்டில் தரையோடு விழுந்து படுத்த தாத்தாவின் கைகள் ஓர் அழுகிய பிணத்தின் வயிற்றுக்குள் போய்விட்டனவாம். பேரனுக்கு இதைச் சொன்னவர் பாட்டி. இதை எந்தக் கேமரா எடுத்தது? பேரன் தூரிகை எடுத்தார். 1993-இல் வந்த அவருடைய கறுப்பு வெள்ளைப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பெரும்பாலும் மூன்றே கட்டங்கள், அகலமாய், குட்டையாய். படிக்கும் நமக்கும் நிமிர இடமில்லை.

"காமிக்ஸ் பிள்ளைகள் சமாசாரம்" என்றார் ஓர் அம்மையார். ஒப்புக்கொள்கிறேன் அம்மா. 1979-இல் தொடங்கிய 'சார்லிஸ் வார்' என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் தொடர் பையன்கள் வாங்கும் வார இதழில்தான் வந்தது. வயதை மறைத்துப் பட்டாளத்தில் சேர்ந்த பதினாறு வயதுச் சார்லி, குண்டில் சிதறிய நண்பனைப் பொறுக்கி மூட்டையில் சுமந்துவருகிறான். பிள்ளைகள் சமாசாரம்!

காமிக்ஸ் ஓவியர் ஜோ சாக்கோ, சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 என்ற ஒரே நாளை 24 அடி நீளத்துக்கு மடிப்பு மடிப்பாக வரைந்தார். படத்தில் ஒரு வசனம் கிடையாது. அன்று பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் மாண்டவர்கள் 19,240 பேர். எண்ணைச் சொன்னால் காது வாங்கிக்கொண்டு போய்விடும். அவர் தாளிலோ எறும்புச் சாரியாய் மனிதர்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொருவனுக்கும் தனி முதுகு, தனிச் சுமை.

மணி அடித்துவிட்டீர்கள், அரை நிமிடம் ஐயா. அந்த 24 அடியை இந்த மேடையில் விரித்தால் உங்கள் நாற்காலியருகே பிரிட்டிஷ் தளபதி ஹெய்க் காலை நடை போய்க்கொண்டிருப்பார். மறுமுனை எதிரணி மேசைக்குப் போய்ச் சேரும். அங்கே சவக்குழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.