பச்சைப் பெட்டியும் டைகோண்டெரோகா கப்பலும்

வணக்கம் மக்களே! என் பச்சைப் பெட்டியைப் போன வீடியோவில் பார்த்திருப்பீர்கள். சென்னையில் 6,800 ரூபாய்க்கு வாங்கியது. மெல்போர்னில் இறங்கினால் ஒரு சக்கரம் இல்லை! திருகோடு பிய்ந்து போயிருக்கிறது. பில் காட்டினேன், போட்டோ காட்டினேன், விமான நிறுவனக் கவுன்ட்டரில் நாற்பது நிமிடம் நின்றேன். "சாதாரணத் தேய்மானம்" என்கிறார்கள். ஒரே ஒரு பயணத்தில் என்ன தேய்மானம்? நாலு சக்கரப் பெட்டியை மூன்று சக்கரத்தில் தள்ளிப் பாருங்கள், இடது பக்கமே இழுக்கும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த எரிச்சலோடுதான் ஞாயிற்றுக்கிழமை பாயிண்ட் நேப்பியன் போனேன். மெல்போர்ன் பக்கத்தில் கடலோரம், நோயோடு வந்த கப்பல் பயணிகளைத் தனியே வைத்திருந்த பழைய குவாரன்டீன் நிலையம் அங்கே இருக்கிறது. நான் பழைய கட்டடம் என்றால் விடமாட்டேன் என்று உங்களுக்கே தெரியும். இங்கே பயணிகளின் பெட்டிகளுக்கென்றே ஒரு கட்டடம் இருக்கிறது. மூட்டை முடிச்சுகளைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு வந்து, பெரிய இரும்பு உருளைக்குள் அடைத்து, நோய்க்கிருமி சாக நீராவி விட்டிருக்கிறார்கள். அழுக்குச் சாமான் ஒரு பக்கம் உள்ளே போகும், சுத்தமானது மறுபக்கம் வெளியே வரும். கதவில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது.

இந்தக் குவாரன்டீன் நிலையம் அவசர அவசரமாகத் தொடங்கக் காரணம் டைகோண்டெரோகா என்ற பாய்மரக் கப்பல். 1852 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் பக்கமிருந்து 795 பேரோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. பெரும்பாலும் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஏழைக் குடும்பங்கள். தொண்ணூறு நாள் பயணம். டைஃபஸ் காய்ச்சலில் கடலிலேயே 100 பேர் போய்விட்டார்கள், இறங்கிய பிறகும் கிட்டத்தட்ட 70 பேர். குழந்தைகள் நிறைய.

இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். நீராவி உருளைகள் அந்தக் கப்பல் காலத்தவை இல்லை, 1900 வாக்கில் வந்தவை. கப்பலில் இருந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

அந்தக் காலத்தில் இப்படி அரசு உதவியில் குடியேறப் போனவர்களுக்குத் துணிக் கணக்கு இருந்தது. ஆணுக்கு ஆறு சட்டை, ஆறு ஜோடி காலுறை, இரண்டு ஜோடி செருப்பு. பெண்ணுக்கு இரண்டு கவுன். இது இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். மெத்தை, போர்வை, கத்தி, முள்கரண்டி எல்லாம் கப்பலில் தருவார்கள், ஒழுங்காக நடந்துகொண்டால் இறங்கும்போது அவர்களுக்கே சொந்தம். வாழ்க்கையில் முதல் புது மெத்தை எத்தனை பேருக்கு அதுவாக இருந்திருக்கும்! செத்தவர்களை அந்தப் படுக்கையிலேயே சுற்றிக் கட்டிக் கடலில் போட்டார்கள். எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது.

டைஃபஸைப் பரப்புவது உடையில் ஒட்டும் பேன். அதைக் கண்டுபிடித்தது 1909-இல், சார்ல்ஸ் நிகோல் என்ற பிரெஞ்சு மருத்துவர். அதாவது குளிருக்கு அம்மா போர்த்திவிட்ட சால்வையிலேயே நோய் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இரண்டு அடுக்காக ஆட்களை அடைத்த கப்பலில், காற்றே புகாத கீழ்த்தளத்தில். அப்படி ஏற்றி அனுப்பியவர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

அப்புறம், சொல்ல மறந்த இன்னொன்று. கப்பலின் உதவி மருத்துவர் ஜேம்ஸ் வீச்சுக்குத் துணையாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர் ஆனி மாரிசன் என்ற பயணி. பிறகு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான்.

சரி, மெல்போர்னில் டாண்டினாங் பக்கம் பெட்டிச் சக்கரம் மாற்றுகிற கடை தெரிந்தால் கமெண்டில் போடுங்கள்.